விடை சரி, வழி தப்பு

ஜூன் 14

அக்கா,

ஜெயில்ல இருக்கிற ஆளைப் பார்த்து நல்லா இருக்கியான்னு கேட்கிறது அசட்டுத்தனம்தான். இருந்தாலும் கேட்கிறேன், நல்லா இருக்கியா? அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. ரயில்ல பதினோரு மணி நேரம் உட்கார முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால இந்த வருஷமும் கடுதாசிதான்.

நேத்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வோட பழைய கேள்வித்தாள் ஒண்ணு பழைய புத்தகக் கடையில கிடைச்சுது. கடைப் படியிலயே உட்கார்ந்து புரட்டினேன். அக்கா, சட்டத்தைப் பத்தி ஒரு கேள்விகூட இல்ல! ரெண்டு வருஷமா குற்றவியல் சட்டத்தை நெட்டுரு போட்டுக்கிட்டு இருக்கேன், எல்லாம் ஆத்துல கரைச்ச புளி. என்ன கேட்டிருக்கான் தெரியுமா? "ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் ஓரத்தில் உட்கார மாட்டார். பாடகி ஓவியருக்குப் பக்கத்தில் இருந்தால் தச்சர் மூன்றாவது இடத்தில் இருக்க மாட்டார். நடுவில் யார்?" எனக்கு எப்படித் தெரியும்? அங்க போய் எட்டிப் பார்க்க வேண்டியதுதானே!

மிச்சப் பக்கமெல்லாம் வாதம். ஒரு பத்தி குடுத்து, இதுல ஓட்டை எங்கன்னு கேட்கிறான்.

காலேஜ்ல விசாரிச்சேன். தர்க்கம் படிச்சாத்தான் இதைத் தாண்ட முடியுமாம். மூணு பாடம் இருக்கு, ஒண்ணுதான் எடுக்கலாம். தத்துவத் துறையில ஒண்ணு. செய்தித்தாள், விளம்பரம், மேடைப் பேச்சு எல்லாத்தையும் எடுத்து வச்சு ஓட்டை கண்டுபிடிக்கிறது. கணக்குத் துறையில ஒண்ணு. வார்த்தையே கிடையாது, வெறும் எழுத்தும் அம்புக்குறியும், ஆனா மார்க்கு அள்ளலாம்னு சொல்றாங்க. மூணாவது கம்ப்யூட்டர்க்காரங்களுக்கு. அந்த வகுப்பு வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தேன், பேயறைஞ்ச மாதிரி திரும்பி வந்துட்டேன். ஜூலை அஞ்சாம் தேதிக்குள்ள சொல்லணும். எதை எடுக்கட்டும்?

நான் வக்கீலாகி முதல் வேலையா உன்னை வெளிய கொண்டு வருவேன். நமக்கு வந்த வக்கீல் விசாரணை பூரா தூங்கி வழிஞ்சார். நீ அன்னைக்கு அந்த வேனை ஓட்டவே இல்ல. கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்த. உங்க சலவைக் கம்பெனி ஆபீஸ் பலகையில தொங்கின வேனோட இன்னொரு சாவியை எடுத்துக்கிட்டுப் போய், சைக்கிள்ல வந்த அந்தப் புத்தக பைண்டர் மேல ஏத்திக் கொன்னது உன்கூட வேலை பார்த்த டிரைவர் சுருட்டைதான். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நீதிபதி!

உன் வாயாடி


ஜூன் 29

வாயாடிக்கு,

உன் கடுதாசி நேத்துதான் கையில குடுத்தாங்க. ஆபீஸ்ல பிரிச்சுப் படிச்சு, முத்திரை குத்தி, அப்புறம்தான் எங்ககிட்ட வரும். நான் எழுதறதும் அப்படித்தான் போகும். அதனால முத்திரை குத்தற அம்மாவுக்கும் ஒரு வணக்கம்.

உன் ஏழு பேர் கணக்கை இங்க துவைக்கிற இடத்துல படிச்சுக் காட்டினேன். (எனக்கு இங்கேயும் சலவை வேலைதான். விதி விடுமா?) ஒருத்தி கேட்டா, "டாக்டர் ஏன் ஓரத்துல உட்கார மாட்டார், அவ்வளவு திமிரா?" இன்னொருத்தி, "பாடகிக்கும் ஓவியருக்கும் ஏதோ இருக்கு"ன்னா. கடைசியில ஏழு சோப்புக் கட்டியை வரிசையா வச்சு, மாத்தி மாத்தி அடுக்கிப் பார்த்தோம். நீ பாதிக் கணக்கை எழுதாம விட்டதால விடை வரல, ஆனா மூணு பேருக்குள்ள சண்டை வந்துச்சு.

எதை எடுக்கிறதுன்னு கேட்டல்ல. நான் பத்தாவதோட நிறுத்தினவ, இருந்தாலும் சொல்றேன். தேர்வுல கேட்கிறது வாக்கியம். அம்புக்குறி இல்ல. அதனால தத்துவத் துறைப் பாடத்தை எடு. ஓட்டை கண்டுபிடிக்கிறது உனக்குப் பிறவிக் குணம், அதை மார்க்காக்கப் பாரு. கணக்குத் துறைப் பாடம் எங்கேயும் ஓடிடாது, பிடிச்சா அடுத்த பருவத்துல எடுத்துக்கோ. மார்க்கு அள்ளலாம்னு யாராவது சொன்னா அங்க மட்டும் போகாதே. அள்ளறதுக்கு அது என்ன மணலா?

ஆனா எனக்காக வக்கீலாகாதே. உனக்குப் பிடிச்சிருந்தா ஆகு. இதை நிஜமாத்தான் சொல்றேன்.

இதுக்குக் கீழ நாலு வரி எழுதி அடிச்சிருக்கேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்காதே.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா! அக்கா! அக்கா!

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

நீ சொன்ன பாடத்தைத்தான் எடுத்தேன். இன்னைக்கு வாத்தியார் பலகையில மூணு வரி எழுதினார். "மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது." சரியான்னு கேட்டார். எல்லாரும் சரின்னு கத்தினோம். "தண்ணி லாரி ஒழுகிட்டுப் போயிருந்தா?"ன்னார். எனக்கு மட்டும் பொறி தட்டுச்சு. இதை எங்கேயோ படிச்சிருக்கேனே!

ஓடி வந்து பீரோவைத் திறந்து உன் தீர்ப்பை எடுத்தேன். இருபத்தி மூணாம் பக்கம். அப்படியே எழுதறேன்: "குற்றம் சாட்டப்பட்டவரே ஓட்டியிருந்தால், பிற்பகல் மூன்று பத்துக்கு வேன் அந்த நாற்சந்தியில் இருந்திருக்கும். மூன்று பத்துக்கு வேன் அங்கே இருந்தது சாட்சிகளால் உறுதியாகிறது. ஆகவே ஓட்டியது அவரே."

அதே மழை! அதே தெரு! வேன் அங்க இருந்துச்சு, சரி. நீதான் ஓட்டினன்னு எப்படி ஆகும்? இன்னொரு சாவி இருக்கே! ஏழு வருஷம், அக்கா. முதல் பருவத்துலயே தப்புன்னு சொல்லித் தர்ற ஒரு வாதத்தை வச்சு உனக்கு ஏழு வருஷம் போட்டிருக்காங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

காலேஜ் சட்ட உதவி மையத்துல ஒரு வக்கீலம்மா வராங்க. அவங்ககிட்ட காட்டினேன். சாஞ்சு உட்கார்ந்திருந்தவங்க நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. மேல்முறையீட்டுக்கு நாள் கடந்துபோச்சு, ஆனா இதைச் சொல்லி மனு போடலாமாம். ரெண்டு வாரத்துல உனக்குப் படிவம் வரும். கையெழுத்து போட்டா போதும்!

இன்னொண்ணும் சொல்லணும். போன வாரம் தபால் ஆபீஸ் வரிசையில சுருட்டையைப் பார்த்தேன். கூட அவர் பொண்ணு, எட்டு வயசிருக்கும். என்னால அடக்க முடியல. "கொலைகாரா, எங்கக்கா உன் இடத்துல உட்கார்ந்திருக்கா"ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அவர் கையிலிருந்த பார்சலை மேஜை மேல அப்படியே விட்டுட்டு, பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். எனக்கு அவ்வளவு திருப்தி.

உன் வாயாடி


செப்டம்பர் 2

வாயாடி,

உட்கார்ந்துக்கிட்டுப் படி.

உன் வாத்தியார் சொன்னது சரி. நீ கண்டுபிடிச்சதும் சரி. அந்தப் பக்கத்துல ஓட்டை இருக்கு. எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் ஒருத்தர் இருந்தார், நோட்டுல எழுதுவார்: விடை சரி, வழி தப்பு. நீதிபதிக்கும் அதைத்தான் எழுதணும்.

வேனை ஓட்டினது நான்தான்.

அன்னைக்கு மழை. மூணு ஆஸ்பத்திரிக்குத் துணி போடணும், நேரமாயிடுச்சு. கணக்குச் சீட்டு காலடியில விழுந்துச்சு. குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள சத்தம். இறங்கினேன். ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் கிடந்தாங்க. பார்த்தேன். திரும்ப ஏறி உட்கார்ந்தேன். கிளம்பிட்டேன். ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி, வாயாடி. நான் போய்க்கிட்டு இருந்ததே அங்கதான். அங்க போய் நாப்பது படுக்கை விரிப்பு எண்ணிக் குடுத்து, கையெழுத்து வாங்கிட்டு வந்தேன். அவரை யாரோ அரை மணி நேரம் கழிச்சுத்தான் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்களாம். கோர்ட்டுல சொன்னப்போதான் எனக்கே தெரியும்.

போலீஸ் கேட்டப்போ "நான் இல்ல"ன்னு வாய் தானா சொல்லிடுச்சு. அப்புறம் அந்த ஒரு வார்த்தைக்கு முட்டுக் குடுக்கத்தான் கேன்டீன், இன்னொரு சாவி எல்லாம். சுருட்டை பேரை நான் சொல்லல. நீங்க சொன்னீங்க. அவன் இல்லைன்னு நான் மறுக்கல. அது ரெண்டும் வேற வேறன்னு இத்தனை நாள் என்னை நானே ஏமாத்திக்கிட்டு இருந்தேன். நீ தபால் ஆபீஸ்ல கத்தினதைப் படிச்சதும் அது உடைஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு முன்னாடியா கத்தின?

போன கடுதாசியில நான் அடிச்ச நாலு வரி இதுதான்.

அக்கா


செப்டம்பர் 11

நாலு தடவை படிச்சேன். நாலு தடவையும் உன் கையெழுத்தாவே இருக்கு.

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடுதாசியை நீட்டினேன். வாங்கவே இல்ல. "என்ன, சொல்லிட்டாளா?"ன்னாங்க.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற கம்பெனியில வேலை பார்க்கிறவ. தன் சட்டையை மட்டும் வீட்டுல கையால துவைச்சு, ஈரத்தோட மடிச்சு பீரோவுல வச்சா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் என்னைச் சுருட்டையைத் திட்ட விட்டீங்க?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாங்க.

ஆக இந்த வீட்டுல முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு வச்சு, எனக்கு மட்டும் மேல மேல சோறு போட்டிருக்கீங்க. என் படிப்பு, என் தேர்வு, என் வாழ்க்கை மொத்தத்துக்கும் அடியில ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்துச்சு: அக்கா ஓட்டல. அதைப் போய் இப்படி உருவிட்டியே!

என்னை வரச் சொல்லி நேர்ல சொல்லியிருக்கலாம். லெட்டர்ல எழுதியிருக்க! உன் வாக்குமூலத்துக்கு மேலயே நீலக் கலர்ல முத்திரை குத்தியிருக்கு. உனக்கு அறிவு இருக்கா?

வக்கீலம்மா படிவத்தை அனுப்பிட்டாங்க. நான் அவங்ககிட்ட எதுவும் சொல்லல. அக்கா, கேளு. அந்த ஆபீஸ்ல எல்லா லெட்டரையுமா முழுசாப் படிப்பாங்க? சும்மா முத்திரை குத்தித் தள்ளியிருப்பாங்க. நீ கையெழுத்து போட்டுடு. நிரூபிக்கலைன்னா குத்தம் இல்ல, சட்டம் அதுதான். தப்பான வாதத்துக்குத் தண்டனை செல்லாது. நீ ஓட்டினியா இல்லையாங்கிறது வேற பேச்சு. போட்டுடு, அக்கா.

எழுதிட்டுப் படிச்சுப் பார்த்தேன். இதை எழுதினது நானா? எனக்கே பயமா இருக்கு. இருந்தாலும் கிழிக்காம அனுப்பறேன்.


செப்டம்பர் 24

வாயாடி,

படிவம் வந்துச்சு. கையெழுத்து போடல.

உன் கடுதாசியோட கடைசிப் பகுதியை மறுபடி மறுபடி படிச்சேன். நான் சொன்ன பொய்யைவிட அதுதான் என்னை ஆட்டிடுச்சு. நான் என்ன பண்ணியிருக்கேன்னு அங்கதான் தெரிஞ்சுது. நீ சொல்ற சட்டம் சரியாவே இருக்கலாம். அதை மறுத்துப் பேச எனக்குப் படிப்பு இல்ல. ஆனா அந்த ஓட்டை ஒரு ஆள் நுழையற அளவுக்குத்தான் இருக்கு. அது வழியா நான் வெளிய வரணும்னா சுருட்டையை உள்ள தள்ளிட்டுத்தான் வரணும். நான் விடுதலைன்னா, அப்போ யாருன்னு மறுநாளே கேட்பாங்க. ஏற்கெனவே பாதி ஊர் சொல்லிக்கிட்டு இருக்கிற பேர்தான்.

அறிவு இருக்கான்னு கேட்டல்ல. அறிவோடதான் முத்திரை குத்தற லெட்டர்ல எழுதினேன். நேர்ல சொல்லியிருந்தா நீ அழுவ, வாதாடுவ, நான் சும்மா சொன்னேன்னு சொல்ல வச்சுடுவ. உன்கிட்ட பேசி ஜெயிச்சவ யாரு? எழுதிப் போட்டா திரும்ப வாங்க முடியாது. முத்திரை குத்தற அம்மா ரெண்டாம் நாளே கூப்பிட்டாங்க. "படிச்சுட்டேன். நிஜமா?"ன்னாங்க. "நிஜம்"னேன். கண்காணிப்பாளர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனாங்க. முறைப்படி வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டேன். பொய் சொன்னதுக்குத் தனியா விசாரணை வருமாம். வரட்டும்.

அம்மாகிட்ட பேசாம இருக்காதே. நான் ஈரச் சட்டையை உள்ள வச்ச நாள்லேருந்து பாவம் அவங்களும் ஜெயில்லதான் இருக்காங்க.

ஒரே ஒரு வேலை. நான் உள்ள இருந்துக்கிட்டுச் செய்ய முடியாதது. சுருட்டை வீட்டுக்குப் போயிட்டு வா. வகுப்புக்கும் போ.

அக்கா


நவம்பர் 18

அக்கா,

உன் கடுதாசி வந்து ஏழு வாரமா எழுதல. எழுத வரல.

முதல்ல வக்கீலம்மாகிட்ட சொன்னேன். கத்துவாங்கன்னு நினைச்சேன். பேனாவை மூடி வச்சுட்டு, "இந்த வேலையில எனக்கு இது முதல் தடவை இல்ல. உனக்குத்தான் முதல் தடவை"ன்னாங்க. அவ்வளவுதான்.

சுருட்டை வீட்டுக்கு மூணு தடவை போய் தெருமுனையிலேயே திரும்பிட்டேன். நாலாவது தடவை கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். தலையில சுருட்டை எல்லாம் போயிடுச்சு அக்கா, ஒட்ட வெட்டியிருக்கார். கம்பெனி வேலையை விட்டு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சாம். இப்போ மரக்கடையில கட்டில் பீரோ தூக்கறார்.

"உள்ள வான்னு சொல்ல மாட்டேன்"னார்.

"சரிண்ணே."

"அண்ணேன்னு கூப்பிடாதே."

"சரி. மன்னிப்பு கேட்க வந்தேன். அக்காதான் ஓட்டினா. ஒத்துக்கிட்டா."

சிரிச்சார். நல்ல சிரிப்பு இல்ல. "எனக்கு முதல் நாளே தெரியும். சாவி ரெண்டு. ஒண்ணு அவகிட்ட, ஒண்ணு பலகையில. பலகைச் சாவியைத் தொடறது நான் ஒருத்தன்தான். நான் அன்னைக்குத் தொடல. வேற யார் ஓட்டியிருப்பா?"

அக்கா, இந்தக் கேஸ்ல நான் கேட்ட ஒரே சரியான வாதம் அதுதான். அதைக் கோர்ட்டுல யாருமே கேட்கல. அவர் சொன்னா நம்பவும் ஆள் இல்ல.

"உங்களுக்கு என்ன செய்யட்டும்?"னு கேட்டேன். "ஸ்கூல்ல என் பொண்ணைக் கொலைகாரன் மகள்னு கூப்பிடறாங்க. உன் வாய்ல வந்த வார்த்தை. மன்னிப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அவ கையெழுத்து போட்ட காகிதத்தைக் கொண்டா. கம்பெனி வாசல்ல நின்னு, தபால் ஆபீஸ்ல கத்தின அதே சத்தத்துல படி"ன்னார். கதவைச் சாத்திட்டார்.

உன் வாக்குமூலத்தோட நகலை வக்கீலம்மா வாங்கிக் குடுத்தாங்க. போன திங்கக்கிழமை மத்தியானம், வேலை மாறுற நேரத்துல கம்பெனி வாசல்ல நின்னு படிச்சேன். அறுபது பேர் இருப்பாங்க. சத்தமாத்தான் படிச்சேன். பள்ளிக்கூடத்துக்கும் போய் தலைமை ஆசிரியை முன்னாடி படிச்சேன். கம்பெனி வாசல்ல படிச்சப்போ சுருட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டுப் போனார்.

அம்மாகிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன். வகுப்புக்கும் போறேன். தேர்வு ஜனவரியில. எழுதணுமான்னு இன்னும் தெரியல. அடுத்த பருவத்துல கணக்குத் துறைப் பாடத்துக்கும் பேர் குடுத்திருக்கேன். எழுத்தும் அம்புக்குறியும் மட்டும் இருக்கிற இடத்துல கொஞ்ச நாள் இருக்கணும் போல இருக்கு. அங்க யாருக்கும் அக்கா கிடையாது.

வாயாடி


மார்ச் 9

வாயாடிக்கு,

"எழுதினேன். இடம் கிடைச்சுது. சேரப்போறேன்"னு தந்தி மாதிரி மூணு வரி அனுப்பியிருக்க. இங்க நான் அதைச் சத்தம் போட்டுப் படிச்சேன். சோப்புக் கட்டி அடுக்கின மூணு பேரும், தங்களாலதான் நீ பாஸானன்னு சண்டை போடறாங்க. எனக்காகச் சேரறியான்னு நான் இனி கேட்க மாட்டேன். இல்லன்னு எனக்குத் தெரியும்.

விசாரணை முடிஞ்சுது. பதினாலு மாசம் சேர்த்திருக்காங்க. கம்பெனி சுருட்டையைத் திரும்பக் கூப்பிட்டுச்சாம், அவன் போகலைன்னு கேள்விப்பட்டேன். அவன் இடத்துல இருந்தா நானும் போயிருக்க மாட்டேன்.

இப்போ நடந்ததைச் சொல்றேன். போன வாரம் என்னைப் பார்க்க ஆள் வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. நீதான்னு நினைச்சு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு. கோர்ட்டுல ரெண்டாவது வரிசை. பைண்டரோட மனைவி.

உட்காராம நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"திட்ட வரல. கோர்ட்டுல உன்கிட்ட கேட்க முடியாத ஒண்ணைக் கேட்கணும். நீ இறங்கிப் பார்த்தப்போ அவருக்கு உயிர் இருந்துச்சா?"ன்னாங்க.

வாயாடி, இதை நான் வாக்குமூலத்துலகூட எழுதல. யாரும் கேட்கல, நானும் சொல்லல.

"இருந்துச்சு"ன்னேன்.

"பேசினாரா?"

"பேசினார்."

அவங்க கண்ணாடிகிட்ட வந்தாங்க. "என்ன பேசினார்?"

"சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேன்." முன்சக்கரம் ரெண்டா மடிஞ்சு கிடந்துச்சு. நான் சொன்ன முதல் பொய் போலீஸ்கிட்ட இல்ல, அவர்கிட்டதான்.

அந்தம்மா திடீர்னு சிரிச்சுட்டாங்க. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. "அது அவரோட சைக்கிள் இல்ல. எங்க பொண்ணோடது. வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. அவகிட்ட கேட்காம எடுத்துட்டுப் போனார். திட்டுவாளேன்னு பயந்திருப்பார்"ன்னாங்க. சிரிப்பு எந்த இடத்துல அழுகையாச்சுன்னு எனக்குத் தெரியல. நானும் அழுதேன். எனக்கு அழ என்ன உரிமைன்னு நினைச்சுக்கிட்டேதான் அழுதேன்.

நேரம் முடிஞ்சுதுன்னு மணி அடிச்சாங்க. அவங்க எழுந்து முந்தானையால முகத்தைத் துடைச்சாங்க.

"ஒண்ணும் ஆகலைன்னு சொன்னதும் முகம் எப்படி இருந்துச்சு?"

"நிம்மதியா இருந்துச்சு"ன்னேன். அது பொய் இல்ல, வாயாடி.

தலையை ஆட்டினாங்க. அடுத்த மாசம் பொண்ணைக் கூட்டிட்டு வர்றதாச் சொன்னாங்க. அவளும் அவளோட கேள்வியைக் கேட்கணுமாம். வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அக்கா